கூரையில் தொடங்குங்கள்: பாலக்கோட்டு வீடுகளுக்கான கோடை வேலைகள்

மாசி பாதி கழிந்ததும் பாலக்கோட்டில் வெயில் ஏறத் தொடங்கிவிடும். ஏர்கூலர் என்ன விலை, ஏசி என்ன விலை என்று கடைகளில் விசாரிப்பதும் அப்போதுதான். விசாரிக்கப் போவதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஏணி போட்டு ஏறி, உள்கூரையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். இறங்கி நான்கு சுவர்களையும் அப்படியே தொட்டுப் பாருங்கள். எங்கே அதிகம் சுடுகிறதோ அங்கேதான் முதல் ரூபாயைச் செலவிட வேண்டும்.

பெரும்பாலான வீடுகளில் சுடுவது கூரைதான், அடுத்தது மேற்குச் சுவர். பாலக்கோடு ஏறக்குறைய 12 பாகை வடக்கு அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தை ஒட்டி நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். பிறகு ஆகஸ்ட் வரை அது சற்று வடக்கே சாய்ந்தே போகும். ஆகவே மே மாதத்தில் தெற்குச் சுவருக்கு அவ்வளவாக வெயில் இல்லை. மேற்குச் சுவர் பிற்பகல் முழுவதும் வாங்குகிறது, தளமோ காலை முதல் மாலை வரை வாங்குகிறது. கான்கிரீட் அந்தச் சூட்டை உடனே உள்ளே விடாது, சில மணி நேரம் வைத்திருந்து இறக்கும். இரவு ஒன்பது மணிக்கு விசிறி அனல் காற்றை வீசுவது இதனால்தான்.

இந்த ஊருக்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. கடலோரம்போல இங்கே புழுக்கம் கிடையாது. மேட்டு நிலம், காற்றும் காய்ந்த காற்று. நள்ளிரவுக்குப் பிறகு வெளியே நன்றாகவே தணிந்துவிடும். பகல் வெயிலைக் கூரையிலேயே தடுத்து, இரவுக் குளிரை வீட்டுக்குள் வாங்கி வைத்தால் பாதி வேலை முடிந்தது.

தளத்துக்கு வெள்ளை

வெறும் சிமெண்ட் தளம் வெயிலில் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். நல்ல வெள்ளைப் பூச்சு பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். இப்படி வெயிலைத் திருப்பி அனுப்பும் குளிர்கூரைக்கென்று தெலங்கானா அரசு 2023-இல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நமக்கு வீட்டளவில் சுண்ணாம்பே போதும்.

பங்குனிக்கு முன்பே முடித்துவிடுங்கள். தளத்தைப் பெருக்கி, பாசியைத் தேய்த்துக் கழுவி, வெடிப்புகளை அடையுங்கள். கல் சுண்ணாம்பைப் பிளாஸ்டிக் வாளியில் தாளிக்க வேண்டாம், அந்தச் சூட்டில் வாளி இளகிவிடும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை ஊற்றி, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். கல்லின்மேல் தண்ணீரை ஊற்றினால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி, கையுறை இல்லாமல் இறங்காதீர்கள், பிள்ளைகளை அருகில் விடாதீர்கள். தப்பித் தவறிப் பட்டுவிட்டால் கால் மணி நேரம் விடாமல் தண்ணீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஓர் இரவு ஊறட்டும். மறுநாள் பழைய துணியில் வடிகட்டி, பெயிண்ட் கடையில் கிடைக்கும் ஒட்டுப்பசையைச் சேர்த்து, பால் பதத்துக்குக் கரையுங்கள். வெயில் தாழ்ந்த பிறகு தளத்தை லேசாக நனைத்து, முதல் பூச்சு நீளவாக்கில், அது காய்ந்ததும் அடுத்தது குறுக்குவாக்கில். மூன்றாவது பூச்சும் அடித்தால் நல்லது. மழைக்காலத்தில் இது கரையும், தூசியும் படியும். அதனால் ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். வெப்பம் தடுக்கும் கூல் ரூஃப் பெயிண்டுக்குக் காசு அதிகம், ஆனால் சில ஆண்டுகள் நிற்கும். புது வீடு கட்டுகிறவர்கள், செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த சுருக்கித் தளம் போட்டு, மேலே வெள்ளைத் தட்டோடு பதிக்கச் சொல்லுங்கள். கட்டும்போது மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் அது.

மாலையில் தளத்தில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுகிற பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. குளிரத்தான் செய்யும். ஆனால் நம் தருமபுரி மாவட்டத்தில் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பதால், ஒகேனக்கல்லில் இருந்து காவிரியைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கிறோம். அந்தத் தண்ணீரைத் தளத்தில் ஊற்ற எனக்கு மனம் ஒப்பவில்லை. வெள்ளை அடித்த தளத்துக்கு அது தேவையும் இல்லை.

சீட் போட்ட வீடு

அதிகம் தவிப்பவர்கள் இவர்கள்தான். தகரமோ சிமெண்ட் சீட்டோ, வெயில் ஏறிய சில நிமிடங்களில் உள்ளே அனல் இறங்கிவிடும். மேலே வெள்ளை பெயிண்ட் அடியுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட்டைக் காய்ந்த நிலையில் சுரண்டவோ அறுக்கவோ கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்குக் கேடு. சீட்டின்மேல் ஏறி நிற்கவும் வேண்டாம். உள்ளே ஒரு சாண் இடைவெளி விட்டு மூங்கில் தட்டியோ பாயோ கட்டி, அந்த இடைவெளியின் இரு முனைகளையும் காற்றுப் போகத் திறந்து விடுங்கள். சூடான காற்று அங்கேயே வெளியேறிவிடும். அடுப்புக்கும் மின்கம்பிக்கும் அருகே தட்டி வரக் கூடாது. இடமிருந்தால் கூரைக்கு மேலே பந்தல் போட்டுச் சுரையோ பீர்க்கனோ ஏற்றிவிடலாம், பாத்திரம் கழுவிய தண்ணீரே கொடிக்குப் போதும்.

மேற்குப் பக்கம்

ஜன்னலுக்கு உள்ளே திரை போட்டால் வெளிச்சம் குறையும், ஆனால் கண்ணாடியைத் தாண்டி வந்த சூடு உள்ளேயே தங்கிவிடும். நிழல் வெளியே விழ வேண்டும். தக்காளி நாற்றுக்குக் கட்டுகிற நிழல்வலை விவசாயப் பொருள் கடைகளில் கிடைக்கும். அதை வாங்கி, சுவரை ஒட்டாமல் ஒரு முழம் தள்ளிக் கட்டுங்கள். தென்னங்கீற்றுத் தட்டியும் சரிதான். நிலம் உள்ளவர்கள் அந்தப் பக்கம் புங்கனோ வேம்போ இந்த ஆடியிலேயே நட்டுவிட வேண்டும்.

எப்போது திறப்பது, எப்போது அடைப்பது

கல், செங்கல் சுவருள்ள வீட்டில் காலை ஒன்பது மணிக்குள் ஜன்னல்களை அடைத்துவிடுங்கள். வெளிக்காற்று உள்ளதைவிடக் குளிர்ந்த பிறகு எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து, இரவு முழுக்கக் காற்று ஓட விடுங்கள். ஒரு ஜன்னலில் டேபிள் ஃபேனை வெளிப்பக்கம் பார்த்து வைத்தால், அது சூட்டை வெளியே தள்ளும், எதிர் ஜன்னல் வழியே குளிர்காற்று வரும். கொசுவலை அடித்திருந்தால்தான் இது நடக்கும், ஆகவே அந்தச் செலவைத் தள்ளிப்போடாதீர்கள். சமையலறை ஜன்னல் மட்டும் சமைக்கும்போது திறந்தே இருக்கட்டும். சீட் வீட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. பகலிலும் திறந்தே வைக்க வேண்டும், அடைத்தால் அடுப்பாகிவிடும்.

மின்சாரம்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது 2016-இல் வந்தது. அதற்குமேல் போகப் போக யூனிட் விலையும் படிப்படியாக ஏறும். ஆகவே மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டும் விலை அதிகமான மேல்படியிலிருந்தே குறைகிறது. பழைய விசிறி சுமார் 75 வாட், பிஎல்டிசி விசிறி 30 வாட்டுக்குள். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் 60 நாளில் முதலாவதற்கு 67 யூனிட்டுக்கு மேல், இரண்டாவதற்கு 27 யூனிட். அதிகம் ஓடுகிற ஒரு விசிறியை மட்டும் முதலில் மாற்றுங்கள்.

ஏர்கூலர் இந்தக் காய்ந்த காற்றுக்கு ஏற்றது. அறைக்குள் நடுவில் வைக்காமல் ஜன்னலில் வைத்து, வெளிக்காற்றை இழுக்க விட்டு, எதிர் ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். கோடை மழை பெய்த நாளில் பம்பை நிறுத்தி விசிறியை மட்டும் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். போர் தண்ணீரில் உப்புப் படியும். வாரம் ஒருமுறை தொட்டியைக் காலி செய்து தேய்த்துக் கழுவினால் டெங்கு கொசுவும் வராது.

ஏசி வாங்கியே தீர வேண்டுமென்றால், மேலே வெள்ளை அடித்த பிறகு வாங்குங்கள். 26 பாகையில் வைத்து, மெதுவாக விசிறியும் ஓட்டுங்கள். வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு.

வயதானவர்கள் இருக்கும் வீடு

வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவித்தது. அறைக்குள் 40 பாகையைத் தாண்டினால் விசிறிக் காற்று உடம்பைக் குளிர்விக்காது, மேலும் சூடேற்றும். பாட்டி, தாத்தா, கைக்குழந்தை ஆகியோரின் கட்டிலைப் பிற்பகலில் வீட்டிலேயே குளிர்ச்சியான அறைக்கு, மாடி வீடானால் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். கை, கழுத்து, முகத்தை ஈரத்துணியால் அடிக்கடி துடைத்துவிடுங்கள். உடம்பு கொதித்து, பேச்சுக் குழறினாலோ நினைவு தடுமாறினாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் படுக்கவைத்து, தண்ணீர் தெளித்து விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.