கூண்டுதான் மருந்து: முதுகுவலி நாயை அறுவையின்றிப் பார்த்துக்கொள்வது எப்படி?

நேற்று வரை சோபாவில் தாவி ஏறிய டாஷண்ட், இன்று காலையில் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்க்கிறது. தூக்கப் போனால் வீலென்று கத்துகிறது. முதுகு கூனியிருக்கிறது, வயிறு இறுகியிருக்கிறது, சாப்பாட்டைக் குனிந்து எடுக்கத் தயங்குகிறது. பல வீடுகளில் இதை வயிற்றுவலி என்று நினைத்து ஓமத்தண்ணீர் கொடுத்துவிட்டு இரண்டு நாள் கடத்திவிடுகிறார்கள். டாஷண்ட், பீகிள், பக், பெக்கினீஸ், காக்கர் ஸ்பேனியல் வளர்ப்பவர்கள் முதலில் சந்தேகிக்க வேண்டியது முதுகெலும்பின் வட்டை.

உடல் நீளம், கால் குட்டை, அதனால் முதுகு தாங்கவில்லை என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். உண்மையான காரணம் வேறு. ஒவ்வொரு இரண்டு முதுகெலும்புக்கும் நடுவில் ஒரு வட்டு உண்டு. வெளியே உறுதியான நார்வளையம், உள்ளே ஈரமான கூழ். கால் குட்டையாவதற்குக் காரணமான மரபணு வகைகளில் ஒன்று, இந்தக் கூழையும் ஒரு வயதுக்குள்ளேயே உலர வைத்துச் சுண்ணாம்பு படியச் செய்கிறது. பிறகு ஒருநாள் நார்வளையம் விரிசல் விட, வெடித்த கொழுக்கட்டையிலிருந்து பூரணம் வருவதுபோல உள்ளே இருப்பது பிதுங்கி, மேலே ஓடும் தண்டுவடத்தை நெருக்கும். பெரும்பாலும் மூன்று முதல் ஏழு வயதுக்குள், விலா முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில் இது நடக்கிறது. உலர்ந்த வட்டு ஒன்றோடு நிற்பதில்லை என்பதால்தான் இந்த வலி திரும்பத் திரும்ப வருகிறது.

வீட்டில் வைத்துப் பார்க்கலாமா?

எல்லா நாய்க்கும் முடியாது. வலி மட்டும் இருக்கிறது, அல்லது பின்கால் தள்ளாடினாலும் தானாக நடக்கிறது என்றால் அறுவையின்றிப் பார்ப்பது நியாயமான வழி. பெரும்பாலான நாய்கள் இந்தக் கட்டத்திலிருந்து தேறிவிடுகின்றன. எழுந்து நிற்கவே முடியவில்லை, பின்கால் இரண்டும் இழுபடுகின்றன என்றால் அன்றைக்கே அறுவை செய்யும் மருத்துவரிடம் பேச வேண்டும். கால்விரலை எலும்போடு அழுத்தியும் உணர்வில்லை என்றால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது. அந்த நிலையில் அறுவை செய்தால் பாதிக்குப் பாதி நாய்கள் மீள வாய்ப்புண்டு; செய்யாவிட்டால் மிகச் சிலவே மீளும்.

இந்த விரல் சோதனையில் பலர் ஏமாறுகிறார்கள். விரலை அழுத்தியதும் நாய் காலை இழுத்துக்கொண்டால் உணர்வு இருக்கிறது என்று அர்த்தமில்லை. அது தண்டுவடத்தின் அனிச்சைச் செயல். முழுவதும் செயலிழந்த காலிலும் வரும். திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதுதான் கணக்கு. இதை டாக்டரிடமே விட்டுவிடுங்கள்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியது வேறொன்று. நாயை நிற்க வைத்து, வயிற்றுக்கடியில் ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பின்காலின் பாதத்தை மெல்ல மடக்கி மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். நல்ல நாய் சட்டென்று திருப்பிக்கொள்ளும். தாமதித்தால், அப்படியே விட்டுவிட்டால் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது. இதை ஒரு நோட்டில் தினம் ஒருமுறை எழுதி வையுங்கள். நேற்றைவிட இன்று மோசம் என்று தெரிந்தால் அதுவே புறப்பட வேண்டிய நேரம்.

முதல் தடவையோ, மூன்றாம் தடவையோ, மருத்துவப் பரிசோதனையைத் தவிர்க்காதீர்கள். கூனிய முதுகு கணைய அழற்சியிலும் வரும். நடக்க மறுப்பது நம் ஊரில் சாதாரணமான உண்ணிக் காய்ச்சலிலும் வரும். காய்ச்சலோடு முதுகு வலித்தால் வட்டில் கிருமி புகுந்திருக்கலாம். அதற்கு ஓய்வு போதாது, ஆன்டிபயாட்டிக் வேண்டும். எக்ஸ்ரேயில் எலும்பும் சுண்ணாம்பு படிந்த வட்டும் தெரியும், தண்டுவடம் தெரியாது. அதற்கு எம்ஆர்ஐ அல்லது சிடி ஸ்கேன் வேண்டும். தமிழ்நாட்டில் சென்னை வேப்பேரி, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி ஆகிய ஊர்களின் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளோடு மருத்துவமனைகள் இருக்கின்றன. பக்கத்து கிளினிக்கில் பிடிபடாத நோய்க்கு அங்கே போகலாம்.

மருந்தும் மருந்தல்லாததும்

டாக்டர் பெரும்பாலும் மெலாக்சிகாம் அல்லது கார்ப்ரோஃபென் போன்ற அழற்சி மருந்தும், நரம்பு வலிக்குக் கபாபென்டினும் எழுதுவார். சிலர் ஸ்டீராய்டு ஊசி போடுவதுண்டு. ஸ்டீராய்டும் அழற்சி மாத்திரையும் ஒரே சமயத்தில் சேரக் கூடாது. குடலில் புண்ணாகி ரத்தம் கசியும். போன தடவை மீந்த மாத்திரையை எடுத்துக் கொடுக்கும்போதுதான் இந்த விபத்து நடக்கிறது. வேறொரு டாக்டரிடம் போனால் கடைசியாக என்ன மருந்து, என்றைக்குக் கொடுத்தது என்பதைச் சீட்டோடு காட்டுங்கள். கறுத்த, தார் போன்ற மலம், வாந்தி, சாப்பிட மறுப்பு, இவற்றில் எது வந்தாலும் மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

நம் மருந்துப்பெட்டியிலிருக்கும் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவை நாயின் சிறுநீரகத்தையும் குடலையும் கெடுக்கும். பாராசிட்டமாலையும் நீங்களாகக் கொடுக்கக் கூடாது. மனிதர்களுக்கான சில திரவ மருந்துகளில் சேர்க்கும் சைலிட்டால் என்ற இனிப்பு நாய்க்கு விஷம். தலைவலித் தைலம், மூட்டுவலி எண்ணெய் பூசுவதும் வேண்டாம். கற்பூரமும் வின்டர்கிரீன் எண்ணெயும் அவற்றில் இருக்கும். நாய் பூசிய இடத்தை நக்காமல் விடாது. சுளுக்கு எடுப்பவரிடம் கொண்டுபோவதை எழுதவே கூசுகிறது, ஆனால் நடக்கிறது. பிதுங்கிய வட்டின் மேல் உருவிவிட்டால் தள்ளாடிக்கொண்டு வந்த நாய் படுத்தபடி திரும்பும்.

கூண்டு ஓய்வு

சிகிச்சையின் உயிர்நாடி இதுதான். மருந்து வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். கிழிந்த நார்வளையம் தழும்பு கட்டி மூட நாலு வாரமாவது வேண்டும், பல டாக்டர்கள் ஆறு வாரம் சொல்வார்கள். அந்த நாட்களில் ஓட்டம், தாவல், முறுக்கல் எதுவும் கூடாது. அதைக் கூண்டால் மட்டுமே உறுதி செய்ய முடியும். ‘அறைக்குள்தான் வைத்திருக்கிறோம்’ என்பது ஓய்வாகாது. காலிங் பெல் அடித்ததும் அறைக்குள் நாலு பாய்ச்சல் பாய அதற்கு இடமிருக்கிறது.

கூண்டின் அளவு: நாய் நிமிர்ந்து நிற்க வேண்டும், திரும்ப வேண்டும், கால் நீட்டிப் படுக்க வேண்டும். அதற்கு மேல் வேண்டாம். டாஷண்டுக்கு மூன்றடி நீளம், இரண்டடி அகலம் போதும். மேல்பக்கம் மூடியிருக்கட்டும்; திறந்திருந்தால் முன்காலைத் தூக்கி எம்பும். அடியில் நழுவாத ரப்பர் விரிப்பு, அதன் மேல் தட்டையான, ஓரளவு கெட்டியான மெத்தை. புதையும் தலையணை வேண்டாம், எழுந்திருக்கும்போது முதுகு திருகும். தண்ணீரும் சாப்பாடும் குனியாமல் எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

கூண்டை மூலை அறையில் வைத்தால் நாய் ஊளையிட்டே பாதி சக்தியைச் செலவழிக்கும். வீட்டார் உட்காரும் கூடத்தில், வாசல் தெரியாத பக்கமாகப் பார்த்து வையுங்கள். சித்திரை வைகாசியில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறை ஆகாது. மேல் தளம் சூடேறும் வீட்டில் தரைத்தளத்தில் மின்விசிறி அடிக்கும் இடம் பாருங்கள். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று முன்பே யோசித்துக்கொள்ளுங்கள். மூச்சிரைக்கும் நாய் ஓய்வெடுப்பதில்லை.

ஒன்றுக்கும் இரண்டுக்கும் மட்டும் வெளியே. தூக்கிக்கொண்டு போய், மண்ணிலோ புல்லிலோ இறக்கி, குட்டைக் கயிற்றில் பிடித்து, முடிந்ததும் தூக்கி வந்துவிடுங்கள். கழுத்துப் பட்டை வேண்டாம், மார்பைச் சுற்றும் ஹார்னஸ் போடுங்கள். பின்கால் தள்ளாடினால் ஒரு குளியல் துண்டை நீளமாக மடித்து, பின்காலுக்கு முன்னால் வயிற்றுக்கடியில் கொடுத்து இரு முனையையும் மேலே பிடித்துக்கொள்ளலாம். ஆண் நாயானால் சிறுநீர் வரும் இடத்தைத் துண்டு அழுத்தாமல் பாருங்கள். தூக்கும்போது ஒரு கை மார்புக்கடியில், இன்னொரு கை பின்தொடைக்கடியில், முதுகு தரைக்கு இணையாக. அக்குளில் பிடித்துத் தொங்கவிட்டுத் தூக்குவது வீட்டில் எல்லாருக்கும் பழக்கம். குழந்தைகளுக்கு மட்டுமல்ல, பெரியவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டும்.

இப்போது அசல் சிக்கலுக்கு வருவோம். ஐந்தாம் நாளோ பத்தாம் நாளோ வலி போய்விடும். நாய் வாலாட்டும், கூண்டுக் கம்பியைப் பிறாண்டும், விளையாடக் கூப்பிடும். “பாவம், வாயில்லா ஜீவன், எத்தனை நாள்தான் அடைச்சு வைப்பே?” என்று பாட்டி கேட்பார். பக்கத்து வீட்டுக்காரரும் கேட்பார். கதவைத் திறந்து விடுவீர்கள். வளையம் இன்னும் மூடவில்லை, வலி மருந்தோ நாய்க்குத் துணிச்சல் கொடுத்திருக்கிறது. ஒரு தாவலில் மிச்சக் கூழும் வெளியே வரும். முதல் தடவை வலியோடு நின்றது இந்த முறை பின்கால் செயலிழப்பாகும். வலி நின்ற நாள்தான் ஆபத்தான நாள். காலண்டரில் கூண்டு முடியும் தேதியை வட்டமிட்டு எல்லாரும் பார்க்கும் இடத்தில் மாட்டுங்கள், பாட்டிக்கும் சேர்த்து.

பொழுதுபோக்கு வேண்டாமா என்றால், வேண்டும். சாப்பாட்டின் ஒரு பகுதியைத் துணிச் சுருளுக்குள் ஒளித்துக் கொடுங்கள், மோந்து மோந்து எடுக்கும். மிகவும் படபடக்கும் நாய்க்கு அமைதிப்படுத்தும் மருந்தை டாக்டரிடம் தயங்காமல் கேளுங்கள்.

தண்டுவடம் நெருக்கப்பட்ட நாய்க்குச் சிறுநீர் தானாகப் போகாமல் இருக்கலாம். படுக்கை நனைந்திருப்பதைப் பார்த்து ‘போகிறது’ என்று நினைப்பீர்கள். சிறுநீர்ப்பை நிரம்பி வழிகிற சொட்டாகவும் அது இருக்கலாம். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது பையை அழுத்தி வெளியேற்ற வேண்டும். அழுத்தும் முறையை எழுத்தில் படித்துச் செய்யக் கூடாது. கிளினிக்கில் உங்கள் கையை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். நாற்றமடிக்கும், கலங்கிய சிறுநீர் கிருமித்தொற்றின் அடையாளம். படுத்தே கிடக்கும் நாயை நாலு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள்.

கூண்டுக்குப் பிறகு

ஒரே நாளில் விடுதலை கிடையாது. டாக்டர் பார்த்துச் சரி என்றபின் சமதளத்தில், கயிற்றில், ஐந்து நிமிட நடை, நாளைக்கு இருமுறை. வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். உட்கார்ந்து எழ வைப்பது தொடைத் தசைக்கு நல்ல பயிற்சி. சின்னத் தீனி காட்டி நாலைந்து முறை செய்தால் போதும். நீர்ப் பயிற்சி, லேசர், அக்குபஞ்சர் என்று பெருநகரங்களில் வசதிகள் வந்திருக்கின்றன. வலியைக் குறைக்க உதவலாம், கூண்டுக்கு மாற்றாகாது. கையில் இருக்கும் பணத்துக்கு வரிசை போடச் சொன்னால் டாக்டர், மருந்து, கூண்டு, இவை முடிந்த பிறகுதான் அவை.

வீட்டையும் மாற்ற வேண்டும். வழவழ டைல்ஸ்தான் முதல் எதிரி. நாய் நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்போ யோகா பாயோ போடுங்கள், நகத்தையும் பாதத்துக்கு நடுவே வளரும் முடியையும் வெட்டிவிடுங்கள். மாடிப்படிக்குக் குறுக்கே தடுப்பு. கட்டிலிலும் சோபாவிலும் ஏறாத பழக்கம் வந்தால் உத்தமம், வராவிட்டால் நழுவாத சாய்வுப்பலகை. ஸ்கூட்டரின் முன்பலகையில் நிற்க வைத்துக் கூட்டிப்போகும் வழக்கத்தை விடுங்கள். வேகத்தடையில் விழும் ஒவ்வொரு குலுக்கலும் முதுகில்தான் இறங்கும், குதித்துவிட்டால் தீர்ந்தது.

எடையைக் குறைப்பது செலவில்லாத சிகிச்சை. விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். எட்டு கிலோ இருக்க வேண்டிய நாயின் அடிப்படைத் தேவை நாளைக்குச் சுமார் 330 கலோரி. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் இருபது கலோரிக்கு மேல் உண்டு. காலைக் காபியோடு தாத்தா நாலு பிஸ்கட் போட்டால் நாளின் கால் பங்கு அங்கேயே முடிந்தது. பிஸ்கட்டுக்குப் பதில் வெள்ளரி, வேகவைத்த பீன்ஸ், கேரட் துண்டு போடச் சொல்லுங்கள்.

இவ்வளவு செய்தும் வலி திரும்பலாம். கூண்டு ஓய்வில் தேறிய நாய்களில் சுமார் மூன்றில் ஒன்றுக்குத் திரும்பியதாக ஆய்வுகளில் வருகிறது. தாவத் தயங்குவது, கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் உருட்டுவது, தொட்டால் தோல் துடிப்பது, இவை தெரிந்த அன்றே கூண்டைத் திறந்து உள்ளே விட்டுவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பே ஏற்பாடு செய்யுங்கள்: ஜன்னல் மூடிய உள்ளறை, கூண்டு, தேவையானால் பயம் தணிக்கும் மருந்து. வெடிச் சத்தத்தில் கட்டிலுக்கடியில் பாய்ந்து முதுகை முறித்துக்கொள்ளும் நாய்கள் உண்டு. ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாக வருகிறது, மருந்தை நிறுத்தியதும் வலி வருகிறது என்றால், அறுவை வேண்டாம் என்று பிடித்த பிடியை விடுங்கள். மயக்கமருந்து தாங்கும் நாய்க்கு அதுவே கருணை.

கடைசியாக ஒன்று. டாஷண்ட் அழகாக இருந்தால் ‘மேட்டிங்குக்குத் தருவீர்களா’ என்று யாராவது வந்து நிற்பார்கள். வட்டை உலர்த்தும் மரபணு 2017-இல் அடையாளம் காணப்பட்டது. பெற்றோரில் ஒன்றிடமிருந்து ஒரு பிரதி வந்தாலே குட்டிக்கு ஆபத்து உண்டு. டென்மார்க், ஃபின்லாந்து போன்ற நாடுகளில் டாஷண்டின் முதுகை எக்ஸ்ரே எடுத்து, சுண்ணாம்பு படிந்த வட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே இனவிருத்தியை முடிவு செய்கிறார்கள். இங்கே அந்த ஏற்பாடு இல்லாத வரை, முதுகு நோய் வந்த நாயிடமிருந்து தயவுசெய்து குட்டி எடுக்காதீர்கள்.