கட்டிலருகே ஸ்கேன்: ஏன்? எதற்கு?



"மருத்துவமனையில்தான் ஸ்கேன் அறை இருக்கிறதே! அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தனியாக இன்னொரு கருவி எதற்கு?" என்று பங்காளர்களில் சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று அறிய உங்களுக்கு உரிமை உண்டு. ஆகவே அதையே இந்த இதழின் மருத்துவப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒலியால் பார்ப்பது

மனிதக் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் கேட்கும். வயிற்றைப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் கருவியோ நொடிக்கு 20 லட்சம் முதல் 50 லட்சம் அதிர்வுகள் உள்ள ஒலியை உடலுக்குள் அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறது. ஈரலும் சிறுநீரகமும் சாம்பல் நிறமாகத் தெரியும். இரத்தமும் நீரும் தேங்கிய இடம் கறுப்பாகத் தெரியும். அந்தக் கறுப்பைத் தேடுவதே அவசர சிகிச்சையில் பெரிய வேலை. எக்ஸ்ரேயில் உள்ள கதிர்வீச்சு இதில் இல்லை. ஆகவே கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் தேவைப்படும்போதெல்லாம் திரும்பச் செய்யலாம்.

உலோகத்தில் விரிசல் கண்டுபிடிக்கும் தொழிற்சாலைக் கருவியைக் கொண்டு ஆராய்ச்சியைத் தொடங்கி, 1958-ல் வயிற்றுக் கட்டிகளின் ஸ்கேன் படங்களை வெளியிட்டவர் கிளாஸ்கோ நகரின் பேராசிரியர் இயன் டொனால்ட். அன்று பெரிதாக இருந்த கருவி, இன்று கையில் தூக்கிச் செல்லும் அளவுக்குச் சிறுத்துவிட்டது.

அறையும் கட்டிலும்

ஸ்கேன் அறையில் ஒவ்வொரு உறுப்பையும் பார்த்து, அளந்து, அறிக்கை எழுதுகிறார்கள். அது அவசியமான வேலை. ஆனால் இரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டிருக்கும் நோயாளியை அந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு போவது ஆபத்து. கட்டிலருகே செய்யும் ஸ்கேன் எல்லாவற்றையும் பார்க்க முயல்வதில்லை. ஒரு கேள்வியைக் கேட்டு, "உண்டு" அல்லது "இல்லை" என்ற பதிலைத் தேடுகிறது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கும்போதே, நர்ஸ் நாடி பார்த்துக்கொண்டிருக்கும்போதே, சில நிமிடங்களில் அது முடிந்துவிடும்.

மூன்று உதாரணங்கள் சொல்லுகிறோம்.

முதலாவது, விபத்து. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தவருக்கு வெளியே காயம் இல்லாமலே உள்ளே இரத்தம் கசியலாம். மருத்துவர் நான்கு இடங்களில் பார்க்கிறார்: ஈரலுக்கும் வலது சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, சிறுநீர்ப்பையின் பின்னே, இருதயத்தைச் சுற்றி. முதல் மூன்றும் மல்லாந்து படுத்திருப்பவரின் வயிற்றில் இரத்தம் தேங்கும் இடங்கள். அங்கே கறுப்பு தெரிந்து, அழுத்தமும் இறங்கினால், ஆபரேஷன் தியேட்டருக்கு உடனே சொல்லி அனுப்பலாம்.

இரண்டாவது, அடிவயிற்று வலியோடு மயங்கி விழும் இளம் பெண். சிறுநீர்ப் பரிசோதனை கர்ப்பம் என்கிறது. ஸ்கேனில் கருப்பையோ காலியாக இருக்கிறது. வயிற்றில் இரத்தம் தெரிகிறது. கரு கருக்குழாயில் தங்கி, குழாய் வெடித்திருக்கிறது என்றே எண்ண வேண்டும். இங்கே ஒரு மணி நேரத் தாமதமும் ஒரு தாயின் உயிரைப் பறிக்கலாம்.

மூன்றாவது, மூச்சுத் திணறல். இருதயம் தளர்ந்து நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் ஆஸ்துமாக்காரருக்கும் வெளிப்பார்வைக்கு ஒரே திணறல்தான், மருந்து வேறு. நீர் கோத்த நுரையீரலில் மேலிருந்து கீழே இறங்கும் வெள்ளைக் கதிர்கள் தெரியும். இருதயத்தைச் சுற்றி நீர் சேர்ந்திருந்தாலும் தெரியும். நம் நாட்டில் காசநோய் அதற்கு ஒரு முக்கிய காரணம். அந்த நீர் இருதயத்தை நெருக்கும்போது, ஊசியால் வடித்தால் உயிர் மீளும்.

கருவி செய்யாதவை

பங்காளர்கள் இதையும் அறிய வேண்டும். கறுப்பு தெரியவில்லை என்றால் இரத்தப்போக்கு இல்லை என்று பொருளல்ல. இரத்தம் கொஞ்சமாக இருக்கும்போது பல வேளை தெரியாது. வயிற்றின் பின்புறத்தில் கசிவதும், குடல் கிழிந்திருப்பதும் தப்பிவிடலாம். ஆகவே சந்தேகம் இருந்தால் திரும்பப் பார்க்க வேண்டும். நோயாளியின் நிலை இடங்கொடுத்தால் சி.டி. ஸ்கேனுக்கு அனுப்ப வேண்டும். பழகாத கையில் இந்தக் கருவி பொய்த் தைரியத்தையே கொடுக்கும்.

சட்டமும் உண்டு. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்க 1994-ல் இயற்றப்பட்டு, 1996 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டத்தின்படி ஒவ்வொரு ஸ்கேன் கருவியும் அரசிடம் பதிவாக வேண்டும்; தகுதி பெற்றவரே அதை இயக்க வேண்டும். பெண் குழந்தைகளின் உயிரைக் காக்க வந்த சட்டம் இது. மனப்பூர்வமாகக் கீழ்ப்படிய வேண்டியது. எனவே அன்புள்ள ஒருவர் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் ஒரு கருவியை எடுத்து வந்தாலும், அதை அப்படியே வார்டில் பயன்படுத்த முடியாது. கருவி அனுப்ப விரும்புகிறவர்கள் வாங்குவதற்கு முன்பே எழுதிக் கேட்பது நல்லது.

படத்திற்குப் பின்

நல்ல சமாரியன் அடிபட்டவன் கிடந்த இடத்துக்கே போனான். கட்டிலருகே கொண்டுபோகும் இந்தக் கருவியும் அப்படித்தான். ஆனால் அவன் காயங்களைக் கட்டியதோடு நிற்கவில்லை. விடுதி வரை கொண்டு சேர்த்தான். மேலும் ஆகும் செலவையும் ஏற்றுக்கொண்டான். ஸ்கேன் படம் எந்த இரத்தப்போக்கையும் நிறுத்துவதில்லை. அந்தப் படத்திற்குப் பின் இரத்தம் வேண்டும், மயக்க மருந்து கொடுப்பவர் வேண்டும், தியேட்டரில் விளக்கு எரிய வேண்டும். கருவிக்குக் கொடுக்கிற காணிக்கை, பயிற்சிக்கும் இரத்த வங்கிக்கும் கொடுக்கிற காணிக்கையோடு சேரும்போதுதான் ஓர் உயிர் பிழைக்கிறது.

ஜெபக் குறிப்புகள்

1. இரவுப் பணியிலிருக்கும் இளம் மருத்துவர்களும் நர்சுகளும் பொறுமையோடு இக்கலையைப் பழக ஜெபியுங்கள்.

2. உங்கள் சபை வாலிபர்கள் இரத்ததானத்துக்கு முன்வர ஜெபியுங்கள். அவர்களிடம் பேசவும் செய்யுங்கள்.

3. கிராமங்களிலிருந்து வரும் கர்ப்பிணித் தாய்மார் தாமதமின்றி வந்துசேர ஜெபியுங்கள்.