மார்பகப் புற்றுநோயும் கணிப்பொறிக் கணிப்பும்

புற்றுநோய் உடலில் தோன்றும் நாளை எவரும் அறியார். அது வெளிப்படும் நாளே மருத்துவக் குறிப்பேட்டில் ஏறுகிறது. மேமோகிராம் எனப்படும் மார்பக ஊடுகதிர்ப் படம் இவ்விரு நாள்களுக்கும் இடையில் நோயைக் காண முயல்கிறது. அதனால் உயிர் காக்கப்படுகிறதா என்பதை அறுதியிடுவது எளிதன்று.

ஒரு பெண்ணுக்கு 67 வயதில் கட்டி தென்படுகிறது, 70இல் இறக்கிறாள். அவளே 64 வயதில் படமெடுத்து நோயை அறிந்து, அதே 70இல் இறந்திருந்தால், நோயறிந்தபின் வாழ்ந்த காலம் மூன்றாண்டிலிருந்து ஆறாண்டாயிற்று என ஏடு கூறும். மெய்யாக ஆயுள் ஒரு நாளும் கூடவில்லை. அச்சத்தோடு வாழ்ந்த காலமே கூடிற்று.

சோதனை செய்தும் செய்யாமலும் ஒரே பெண்ணை இருமுறை வாழவைத்து ஒப்பிட உலகில் வழியில்லை. கணிப்பொறியில் உண்டு. இலட்சக்கணக்கான கற்பனைப் பெண்களுக்கு நோய் தோன்றும் வயது, கட்டி வளரும் வேகம், பிற காரணத்தால் இறக்கும் வயது ஆகியன நிகழ்தகவின்படி வழங்கப்படுகின்றன. (படைத்தல் இறைவன் செயல், இஃது எண்களின் அடுக்கே.) பின்னர் அதே பெண்களின் வாழ்வு சோதனையோடு ஒருமுறையும் சோதனையின்றி ஒருமுறையும் ஓட்டிப் பார்க்கப்படுகிறது.

அமெரிக்காவில் 1990 முதல் 2000 வரை மார்பகப் புற்றுநோய் இறப்பு வீதம் ஏறத்தாழ 24 விழுக்காடு குறைந்தது. காரணம் சோதனையா, மருந்தா? அந்நாட்டுத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 2000இல் தொடங்கிய 'சிஸ்நெட்' கூட்டமைப்பின் ஏழு குழுக்கள், பொதுவான தரவுகளைக் கொண்டு தனித்தனியே கணித்தன. 2005இல் வெளியான முடிவின்படி, இவ்விறக்கத்தில் சோதனையின் பங்கு ஒரு குழுவுக்கு 28 விழுக்காடு, மற்றொன்றுக்கு 65. எஞ்சியது தமாக்சிபென், வேதிமருந்து முதலிய துணைச் சிகிச்சைகளின் பங்கு.

இவ்வேறுபாட்டைக் குறையெனக் கருதுவது பொருந்தாது. கண்ணுக்குப் புலனாகாத வளர்ச்சியை ஒவ்வொரு குழுவும் வெவ்வேறாக ஊகித்தது. விஸ்கான்சின் குழுவோ, உயிருக்கு ஊறு செய்யாத கட்டிகளும் உண்டெனக் கொண்டது. ஒரே குழு மட்டும் கணித்திருந்தால் அதன் ஊகமே உண்மையென நம்பப்பட்டிருக்கும். ஆயினும் எல்லாக் குழுக்களும் சோதனைக்கும் பங்குண்டு, சிகிச்சைக்கும் பங்குண்டு என்றே கண்டன.

2009இல் ஆறு மாதிரிகள் வேறொரு வினாவை ஆராய்ந்தன. ஈராண்டுக்கு ஒருமுறை சோதித்தால், ஆண்டுதோறும் சோதிப்பதன் பயனில் சராசரி 81 விழுக்காடு கிட்டும். நோயற்றவரை நோயாளியோ என ஐயுறும் பொய்யறிகுறிகளோ ஏறக்குறைய பாதியாகும். அவ்வாண்டு அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு, 50 முதல் 74 வயது வரை ஈராண்டுச் சோதனையைப் பரிந்துரைத்தது. நாற்பதுகளில் உள்ள பெண்களிடையே நோய் பெருகியதைக் கண்டு, புதிய கணிப்புகளையும் சீர்தூக்கி, 2024இல் தொடக்க வயதை 40 ஆக்கியது. ஈராண்டு இடைவெளியை மாற்றவில்லை.