கடன் கொப்பியும் தரவுச் சட்டமும்

சட்டத்தரணிகளின் இணையத்தளத்தில் ஆலோசனை கேட்டுப் படிவம் நிரப்பினால், நமது பெயர், தொலைபேசி இலக்கம், வழக்கு விபரம் எல்லாம் அவர்கள் கைக்குப் போகின்றன. ஆகவே ஒழுங்கான நிறுவனங்கள் இவற்றை எதற்காக எடுக்கிறோம், யாருக்குக் கொடுப்போம், எவ்வளவு காலம் வைத்திருப்போம் என்று அங்கேயே எழுதி வைக்கின்றன.

"அது கொழும்பு விசயம், ஹட்டனில் கடை வைத்திருக்கும் நமக்கென்ன?" என்பீர்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், சொந்த வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் தகவல்களுக்கு விலக்களிக்கிறது, வியாபாரத்துக்கு அப்படியில்லை. அதன் விதிகள் கட்டங்கட்டமாகத்தான் அமுலாகும் என்றாலும், ஒரு கோடி ரூபா வரை தண்டம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

நமது கடைகளைப் பாருங்கள். தோட்டத்து ஆட்களின் கடன் கொப்பி மேசைமேல் திறந்தே கிடக்கும். பழைய அடையாள அட்டைப் பிரதிகளில் சாமான் சுற்றிக் கொடுப்பதை நானே கண்டிருக்கிறேன். அந்த இலக்கத்திலேயே பிறந்த வருடமும் நாளும், ஆணா பெண்ணா என்பதும் இருக்கின்றன. அதைப் பொறுக்கியவன் அந்த ஏழையின் பெயரில் என்னதான் செய்யமாட்டான்?

கடனுக்குப் பெயரும் லயமும் தொகையும் போதும் என்பது என் அபிப்பிராயம். பிரதி வாங்கித்தான் ஆகவேண்டுமென்றால் பூட்டி வையுங்கள். கணக்குத் தீர்ந்த அன்றே, அவர் கண்முன்னால் கிழித்துவிடுங்கள்.