அரிய மரபணு நோய் உள்ள வீட்டுக்குத் தொற்றுக் காலத் துணை

2020 மார்ச் 25-இல் கொரோனாத் தொற்றால் நாடு முடங்கியபோது அரிய நோய்க் குடும்பங்களை வாட்டியது மருத்துவமனைப் பயணம். கோஷே என்ற அரிய மரபணு நோய்க்கு நொதி மருந்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி வழியே ஏற்ற வேண்டும். அக்கம்பக்கத்தில் இந்த நோயுள்ள பிள்ளை இருந்தால் ஏற்றும் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். முகக்கவசம் அணிந்து, கார் கண்ணாடியை இறக்கிவிட்டு அழைத்துப் போகலாம்.

பயணத்தில் கையோடு எடுத்துப்போக, நோயின் பெயர், மருந்தளவு, மயக்கமருந்து எச்சரிக்கை, மருத்துவரின் எண் எல்லாம் ஒரே தாளில், மருத்துவர் கையெழுத்தோடு இருக்கட்டும். பெங்களூரில் இருந்தால் கன்னடப் பிரதியும் அவசியம். சோதனைச் சாவடியில் நிற்கும் காவலருக்கு உடனே புரியும்.

நொதி மருந்துக்குப் பெரும்பாலும் 2 முதல் 8 டிகிரி குளிர் தேவை. உறைந்தால் வீண். பெட்டியில் கொண்டுபோகும்போது ஐஸ்கட்டி மருந்தின் மேலே படக்கூடாது.

எல்லாவற்றிலும் முக்கியம் இது: பல வீடுகளில் பராமரிப்பு முழுவதும் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். அவர் காய்ச்சலில் படுத்துவிட்டால்? சித்தியோ அண்டை வீட்டாரோ, இன்னொருவர் இப்போதே கற்றுக்கொள்ளட்டும்.

2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் உயர்சிறப்பு மையங்களில் பெங்களூரு மனித மரபியல் மையமும் ஒன்று. தகுதியுள்ளோருக்கு 50 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை உதவி உண்டு. அங்கே பதிவு செய்ய உதவுங்கள்.