தசை முறுக்கேறுவது எப்படி?

சம்மட்டி அடிக்கும் கொல்லரின் கையையும், கணக்கு எழுதும் எழுத்தரின் கையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். இருவர் கையிலும் எலும்புகளின் எண்ணிக்கை ஒன்றே; தசைகளின் எண்ணிக்கையும் ஒன்றே. ஆயினும் கொல்லரின் கையில் தசைகள் திரண்டு, அவற்றின் வரம்புகள் தோலுக்கு மேலேயே தெளிவாகத் தெரிகின்றன. உழைப்பினால் தசையில் என்ன மாறுதல் நிகழ்கிறது? அத்தகைய கட்டுடல் பெற நீங்கள் என்ன செய்ய வேண்டும்? எதைச் செய்யக்கூடாது? இவற்றை ஆராய்வோம்.

தசையின் அமைப்பு

நம் உடலில் எலும்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கு மேல் உள்ளன. தேர் இழுக்கும் வடத்தைப் பார்த்திருப்பீர்கள். பல புரிகள் சேர்ந்தது வடம். பல நார்கள் சேர்ந்தது ஒரு புரி. தசையும் இத்தகையதே. ஒரு தசைக்குள் பல கற்றைகள். ஒரு கற்றைக்குள் பல தசை நார்கள். ஒவ்வொரு நாரும் ஒரு தனிச் செல். பருமனில் அது தலைமயிரைப் போன்றதே. அந்த நாருக்குள் இன்னும் நுண்ணிய இழைகள் நீளவாக்கில் அடுக்கப்பட்டுள்ளன. ஆக்டின், மயோசின் என்னும் இரு புரதங்களே இவ்விழைகளில் முதன்மையானவை.

தசை சுருங்கும்போது இவ்விழைகள் குட்டையாவதில்லை. ஒன்றன்மேல் ஒன்று சறுக்கிச் செல்கின்றன. இரு கைவிரல்களைக் கோத்து உள்ளே தள்ளுவது போல. 1954-இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரால்ஃப் நீடர்கெர்கேயும் ஒரு கட்டுரையிலும், ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் மற்றொரு கட்டுரையிலும் இதை விளக்கினர். இரண்டும் ‘நேச்சர்’ இதழின் ஒரே வெளியீட்டில் வந்தன. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர் என்பது சுவையான செய்தி.

தசையால் இழுக்கத்தான் முடியும், தள்ள முடியாது. எனவே தசைகள் எதிரெதிராக அமைந்துள்ளன. ஒரு சோதனை செய்யுங்கள். மேசைக்கு அடியில் உள்ளங்கையை வைத்து மேல்நோக்கித் தூக்குங்கள். மறு கையால் மேற்கையைத் தொட்டால், முன்புறமுள்ள இருதலைத் தசை கெட்டிப்படுவதை உணர்வீர்கள். இப்போது மேசையின் மேல் கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பின்புறமுள்ள முத்தலைத் தசை கெட்டிப்படும்.

இருதலைத் தசை முன்கையில் பற்றியிருக்கும் இடம் முழங்கை மூட்டிலிருந்து ஏறத்தாழ 4 செ.மீ. தூரத்தில் உள்ளது. உள்ளங்கையோ ஏறத்தாழ 32 செ.மீ. தூரத்தில் உள்ளது. நெம்புகோல் விதியை இங்கே பொருத்திப் பாருங்கள். முழங்கையை மடக்கி 5 கிலோ எடையைத் தாங்க, தசை அதைப்போல் 8 மடங்கு, அதாவது 40 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுக்க வேண்டும்!

முறுக்கு என்பது என்ன?

பேருந்தில் உட்கார்ந்தபடி தூங்குபவரின் தலை சாய்வதைக் கவனித்திருக்கிறீர்களா? விழித்திருக்கும்போது கழுத்துத் தசைகள் நாம் அறியாமலே சிறிதளவு இழுவிசையுடன் இருந்து தலையைத் தாங்குகின்றன. உறக்கத்தில் அது தளர்கிறது. ஓய்விலும் தசையில் உள்ள இந்த இழுவிசையையே மருத்துவர்கள் தசை முறுக்கு என்பார்கள். நரம்புகள் இதைக் காத்துவருகின்றன.

‘முறுக்கேறிய உடல்’ என்று நாம் பேச்சில் குறிப்பது இதையன்று. அது இரண்டு காரணங்களால் அமைகிறது. ஒன்று, தசை பருத்திருத்தல். மற்றொன்று, தசைக்கும் தோலுக்கும் இடையிலுள்ள கொழுப்புப் படலம் மெல்லியதாக இருத்தல்.

பயிற்சியினால் விளையும் மாறுதல்கள்

பயிற்சி தொடங்கிய முதல் சில வாரங்களில் வலிமை விரைவாகக் கூடும்; கையின் சுற்றளவோ அதிகம் மாறாது. இதைக் கண்டு பலர் மனம் தளர்ந்து பயிற்சியை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் முதல் மாறுதல் நரம்பு மண்டலத்தில் நிகழ்கிறது. முன்பு சும்மா இருந்த தசை நார்களையும் வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொள்கிறது.

தசை பருப்பது இதற்குப் பிறகுதான் கண்ணுக்குப் புலனாகும். பளுவைத் தாங்கும்போது நாரில் ஏற்படும் இழுவிசையே அதற்குத் தூண்டுதல். அதன் விளைவாக, பயிற்சிக்குப் பின் ஒரு நாளோ அதற்கு மேலோ, செல் வழக்கத்தைவிட மிகுதியாகப் புரதத்தை உருவாக்குகிறது. புதிய இழைகள் சேர்ந்து நார் பருக்கிறது. நாரின் மேற்பரப்பை ஒட்டி உறங்கிக் கிடக்கும் சிறு செல்களும் விழித்துத் துணைபுரிகின்றன. இவற்றை 1961-இல் தவளைத் தசையில் கண்டறிந்தவர் அலெக்சாண்டர் மௌரோ.

வலிமையும் பருமனும் எப்போதும் ஒன்றாகச் செல்வதில்லை. டோக்கியோ ஒலிம்பிக்கில் (2021) 49 கிலோ எடைப்பிரிவில் மீராபாய் சானு ஒரே தூக்கில் 115 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தினார். தம் எடையைப்போல் இரு மடங்குக்கும் அதிகம். ஆகவே 13, 14 வயதில் கை மெலிந்திருப்பதை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். பருவ வளர்ச்சி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வயதில் வரும். ஆண்களுக்குத் தசை திரள உதவும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோன் அப்போதுதான் மிகுதியாகச் சுரக்கிறது.

ஓர் இடத்துக் கொழுப்பை மட்டும் குறைக்கலாமா?

வயிற்றுப் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு கரையும் என்று பலர் நம்புகிறார்கள். இதைச் சோதிக்க டென்னிஸ் ஆட்டக்காரர்கள் நல்ல சான்று. அவர்கள் ஒரு கையால்தானே மிகுதியாக ஆடுகிறார்கள்? 1971-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அவர்களின் ஆடும் கை மறு கையைவிடப் பருத்திருந்தது. தோலடிக் கொழுப்போ இரு கைகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தது. ஆக, தசை உழைத்த இடத்தில் வளர்கிறது. கொழுப்போ உடல் முழுவதற்குமான பொதுச் சேமிப்பிலிருந்து செலவாகிறது. தசை கொழுப்பாக மாறுவதும் இல்லை, கொழுப்பு தசையாக மாறுவதும் இல்லை. இரண்டும் வெவ்வேறு செல்கள். கொழுப்பைக் குறைக்க வளரும் வயதில் பட்டினி கிடப்பது தசையையும் சேர்த்துக் கரைத்துவிடும்.

எப்படிப் பயில்வது?

பண்டைக் கிரேக்க மல்லர் மைலோ, ஒரு கன்றை நாள்தோறும் தூக்கிப் பழகி, அது காளையான பின்னும் தூக்கினார் என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியாயினும் அதிலுள்ள தத்துவம் சரியானது: பளு படிப்படியாகக் கூட வேண்டும். 1940-களில் அமெரிக்க இராணுவ மருத்துவர் தாமஸ் டிலார்ம், காயமுற்ற வீரர்களின் கால்களை இம்முறையில் வலுப்படுத்திக் காட்டினார்.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. எடை பார்க்கும் கருவியின் மேல் இரு கைகளையும் ஊன்றித் தண்டால் நிலையில் இருந்து பாருங்கள். உங்கள் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைக் கருவி காட்டும். தண்டால் கடினமாக இருந்தால் சுவரில் கைவைத்துச் செய்யுங்கள், பிறகு மேசை விளிம்பில், பிறகு தரையில். உடல் சாயச் சாயக் கைகளின் மேல் விழும் பளு கூடுகிறது. கால்களுக்குப் பஸ்கி நல்லது. முதுகிற்கும் இருதலைத் தசைக்கும் தண்ணீர் வாளியை மெல்லத் தூக்கி இறக்குங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கூட்டினால் ஒரு கிலோ கூடிவிடும் அல்லவா?

ஒவ்வொரு பயிற்சியையும் 8 முதல் 12 முறை, இடையில் இளைப்பாறி, இரண்டு அல்லது மூன்று சுற்றுகள் செய்யலாம். வாரத்தில் 3 நாட்கள் போதும். இடையே ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும். முதலில் 5 நிமிடம் மெல்ல ஓடி உடலைச் சூடாக்கிக்கொள்ளுங்கள். மூச்சை அடக்காதீர்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசை வலித்தால் அஞ்ச வேண்டாம்; லாக்டிக் அமிலம் தேங்கியதால் வருவதன்று அது. பழக்கமற்ற உழைப்பால் நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவே காரணம். சில நாட்களில் சரியாகிவிடும். மூட்டில் வலி எடுத்தால் மட்டும் உடனே நிறுத்திவிடுங்கள்.

எடை தூக்கினால் உயரம் குறையும் என்ற அச்சமும் தேவையற்றது. பயிற்றுநரின் மேற்பார்வையில் முறையாகச் செய்தால் வளர்ச்சி தடைப்படுவதில்லை.

உணவும் குறுக்குவழியும்

நாள்தோறும் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் அளவில் புரதம் தேவை. 50 கிலோ எடையுள்ளவருக்கு 40 கிராம். கடுமையாகப் பயில்பவருக்கு இது ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை ஆகலாம். 100 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 25 கிராமும், ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும் புரதம் உண்டு. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பருப்பில் நிறைய இருப்பதால், சோற்றோடு சாம்பார் சேர்வது பொருத்தமே. டப்பாவில் விற்கும் புரதப் பொடி இல்லாமலே தேவையை நிறைவு செய்யலாம். இரவில் போதிய உறக்கமும் வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. விரைவில் உடல் திரளும் என்று ஆசை காட்டி, சிலர் ஸ்டீராய்டு ஊசியையோ மாத்திரையையோ இளைஞர்களிடம் நீட்டுகிறார்கள். இவை டெஸ்டோஸ்டிரோனை ஒத்த செயற்கைப் பொருள்கள். வளரும் வயதில் இவை எலும்பு முனைகளிலுள்ள வளர்ச்சித் தட்டுகளைக் காலத்துக்கு முன்பே மூடிவிடும். பிறகு உயரம் கூடாது. ஈரலும் இதயமும் கெடும். ஆண்களின் விரைகள் சுருங்கும். பெண்களின் குரல் தடித்துவிடும், அது மீளாமலும் போகலாம். 1988 சியோல் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 9.79 வினாடியில் ஓடித் தங்கம் வென்ற பென் ஜான்சன், சிறுநீரில் ஸ்டானோசோலோல் காணப்பட்டதால் மூன்றே நாளில் அதை இழந்தார். பதக்கம் போனது ஒருபுறம் இருக்கட்டும். மூடிய வளர்ச்சித் தட்டை எந்த மருத்துவராலும் திறக்க இயலாது.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு குறிப்பேட்டில் இன்றைய தேதியிட்டு, தொடர்ந்து எத்தனை தண்டால் எடுக்க முடிகிறது என்பதையும், தையல் நாடாவால் அளந்த மேற்கைச் சுற்றளவையும் எழுதுங்கள். வாரம் ஒரு முறை வீதம் 12 வாரங்கள் குறித்து, இரண்டுக்கும் தனித்தனியே வரைபடம் வரையுங்கள். எந்தக் கோடு முதலில் ஏறுகிறது, எது பின்னால் வருகிறது என்று கவனியுங்கள். அதன் காரணத்தை உங்கள் நண்பர்களுக்கும் விளக்குங்கள்.