அழிக்க இயலாத பேரேடும் அதைக் கற்பிக்கும் பாடங்களும்

பன்னிரண்டாம் வகுப்புத் தேறிய மாணவன் ஒருவன் தன் மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரியில் காட்டுகிறான். அதிலுள்ள எண்கள் திருத்தப்படாதவை என்பதைக் கல்லூரியார் எவ்வாறு அறிவது? வாரியத்திற்குக் கடிதம் எழுதி விடைக்காகக் காத்திருப்பதே பழைய முறை. இத்தாமதத்தை நீக்கும் பொருட்டு, மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2021-ஆம் ஆண்டில் தன் சான்றிதழ்களைப் பிளாக்செயின் என்னும் தொடர்ப் பேரேட்டில் பதியும் ஏற்பாட்டைச் செய்தது. தேசியத் தகவலியல் மையம் 2020 ஜனவரியில் பெங்களூரில் நிறுவிய சிறப்பு மையம் இதற்குத் துணை நின்றது. பேரேட்டின் பிரதிகள் பெங்களூர், புனே, ஜெய்ப்பூர் ஆகிய நகரங்களில் வைக்கப்பெற்றன.

இப்பேரேட்டின் அடிப்படை ஹாஷ் எனப்படும் கணிதச் சுருக்கமாகும். எவ்வளவு நீண்ட ஆவணமாயினும், ஷா-256 என்னும் முறை அதனை எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த 64 குறிகளாகச் சுருக்கித் தரும். ஆவணத்தில் ஒரு புள்ளி மாறினாலும் அக்குறிகள் முற்றிலும் வேறுபடும். வகுப்பறைக் கணிப்பொறியில் இதனை ஐந்து நிமிடத்தில் செய்து காட்டலாம்; விரிவுரையைவிட அதுவே நன்கு விளங்கும். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் முந்திய பக்கத்தின் சுருக்கமும் எழுதப்படுகிறது. ஆதலின் பழைய பக்கமொன்றைத் திருத்துபவன் அதன் பின்வரும் பக்கங்கள் யாவற்றையும் மாற்ற வேண்டும்; அதுவும் ஒரு பிரதியில் மட்டுமன்று.

வாரியத்தின் பேரேட்டில் அனுமதி பெற்றோரே எழுதலாம். 2015-இல் தொடங்கிய எதீரியம் போன்ற பொதுப் பேரேடுகளிலோ எவரும் நிரல் எழுதிப் பதியலாம். 2018-ஆம் ஆண்டில் பெங்களூரில் தொடங்கிய ஈத்இந்தியா என்னும் நிரலாக்கப் போட்டி, நாடெங்குமிருந்து இளைஞர்களை இத்துறைக்கு ஈர்த்துள்ளது. இத்தகையோர் பலர் கற்பது இணையத்தில் கிடைக்கும் பாடங்களைக் கொண்டேயாம். சாலிடிட்டி மொழியில் ஒப்பந்த நிரலை எழுதுதல், அதனை இயந்திரக் குறிகளாக மாற்றுதல், மதிப்பற்ற நாணயம் வழங்கும் சோதனை வலையில் ஏற்றிப் பார்த்தல், பின்னர் மெய்யான பேரேட்டில் பதிதல் என்பதே பாடங்களின் பொது வரிசை.

இப்பாடங்களின் பெருங்குறை அவற்றின் வயது. ரோப்ஸ்டன் என்னும் சோதனை வலை 2022-இலும் கோர்லி 2024-இலும் மூடப்பட்டன. ட்ரஃபிள் என்னும் கருவித்தொகுதியைக் கைவிடுவதாக 2023-இல் அறிவிப்பு வந்தது. பழைய பாடத்தைப் பின்பற்றும் மாணவன், வலை விடையளிக்காதபோது தன் அறிவே குறைவென்று மனம் தளர்கிறான். ஆயினும் இதில் நேர நட்டம் மட்டுமே உண்டு.

மொழியின் பதிப்பு எண்ணைக் கவனியாமையோ பெருந்தீங்கு விளைக்கும். 2020 டிசம்பருக்கு முன்னிருந்த சாலிடிட்டி பதிப்புகளில், ஓர் எண் தன் எல்லையைக் கடந்தால், 9999-ஐக் கடந்த மீட்டர் 0000-க்குத் திரும்புவது போல், ஓசையின்றிச் சுழியத்திற்குத் திரும்பும். 2018 ஏப்ரலில் பியூட்டிசெயின் என்னும் நாணயத்தின் ஒப்பந்த நிரல் இவ்வழியே முறிந்தது. பெறுநரின் தொகையையும் ஒருவருக்குரிய பங்கையும் பெருக்கிய விடை, எல்லை கடந்து சுழியமாயிற்று. அனுப்புவோரின் கையிருப்பு சுழியத்திற்குக் குறையாதிருந்ததால் சோதனை தடுக்கவில்லை. எண்ணிலடங்கா நாணயங்கள் இருவரது கணக்கில் ஏறின. சாலிடிட்டி 0.8-ஆம் பதிப்பு முதல் இத்தகைய கணக்கு தானாகவே நிறுத்தப்படுகிறது. பழைய பதிப்பைக் குறிக்கும் பாடத்தைப் படி எடுப்பவனுக்கு அக்காப்பு இல்லை.

சாதாரண நிரலாயின் மறுநாள் திருத்திக் கொள்ளலாம். பேரேட்டில் பதிந்த ஒப்பந்த நிரலை அவ்வாறு திருத்த இயலாது. இடையே வேறொரு நிரலை வைத்து, புதியதற்கு வழிமாற்றும் உபாயம் உண்டெனினும், வழிமாற்றும் அதிகாரம் எவரேனும் ஒருவர் கையில் இருத்தல் வேண்டும். எவரையும் நம்ப வேண்டாமென்று தொடங்கிய முயற்சி, அப்போது மீண்டும் ஒருவரை நம்புவதில் வந்து நிற்கிறது. பல பாடங்கள் இதனைச் சொல்லாமலே கடந்து செல்வது வியப்பு.

ஆகவே ஆசிரியர் எந்தப் பாடத்தையும் வகுப்பிற்குக் கொண்டு செல்லுமுன், அதன் தேதியையும் முதல் வரியிலுள்ள பதிப்பு எண்ணையும் மொழியின் அதிகாரபூர்வ ஆவணத்தோடு ஒப்பிடுதல் நலம். மற்றொன்றும் உண்டு. மாணவரின் பெயரையோ மதிப்பெண்ணையோ பொதுப் பேரேட்டில் எழுதலாகாது. அங்கே எழுதியதை நீக்க வழியில்லை. சுருக்கத்தை மட்டும் எழுதினால் போதுமென்பர். ஆனால் வரிசை எண்ணும் மூவிலக்க மதிப்பெண்ணும் மட்டுமே உள்ள சிறு குறிப்பாயின், எல்லா மதிப்பெண்களையும் முயன்று பார்த்து உரியதைக் கண்டுபிடிக்க ஒரு சாதாரணக் கணிப்பொறி போதும். ஆதலின் எவரும் ஊகிக்க இயலாத நீண்ட எண்ணொன்றைக் குறிப்புடன் சேர்த்தே சுருக்க வேண்டும்.

இனி, அலுவலகத்தில் 78 என்பது 87 எனத் தவறாகவே பதியப்பட்டால் பேரேடு அதனை அறியாது. 87-ஐயே உறுதியாகக் காக்கும். திருத்தம் வேண்டின், பழைய பதிவு அவ்வாறே நிற்க, அதனைச் செல்லாததாக்கும் புதிய பதிவொன்றைப் பின்னால் சேர்க்க வேண்டும். கருவூலக் கணக்கில் பழகிய எழுத்தர்களுக்கு இம்முறை புதிதன்று.